லாரி வீல் நட்டு டைட் பண்றது: பைப்ப போட்டு மிதிச்சா மட்டும் போதாது

டயர் மாத்துனா நட்ட மாட்டு, ஸ்பேனர்ல பைப்ப சொருகு, மேல ஏறி நின்னு ரெண்டு மிதி மிதி, வேலை முடிஞ்சுதுன்னு தான் நம்ம ஊர்ல முக்காவாசி எடத்துல இன்னைக்கும் நடக்குது, ரோட்டோர பஞ்சர் கடைல இருந்து பத்து இருபது வண்டி வச்சிருக்க டிரான்ஸ்போர்ட் ஷெட்டு வரைக்கும் இதே கதைதான். இறுக்கமா இருந்தா கழராதுங்கற நம்பிக்கை. ஆனா வீல் கழண்டு ஓடுன வண்டிகள கிட்ட போய் பாத்தா, நட்டு லூசா விட்டு போனது ஒரு பக்கம்னா, அளவுக்கு மீறி இறுக்கி ஸ்டட் (நட்டு ஏறற மரை போட்ட கம்பி) இழுபட்டு ஒடஞ்சு போனதும் இன்னொரு பக்கம் இருக்கு. ரெண்டுமே ஒரே தப்புதான், அளவு பாக்காம டைட் பண்றது. ஒரு 10.00-20 டயரு ரிம்மோட சேத்து 100 கிலோ பக்கம் வரும், அது 60 கிலோமீட்டர் வேகத்துல தனியா உருண்டு வந்து எதுத்தாப்ல வர்ற பைக்க அடிச்சா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அதனால கொஞ்சம் நீளமா போனாலும் முழுசா சொல்லிடறேன், பொறுமையா படிங்க.

இங்க சொல்றது 10 ஸ்டட் வர்ற பெரிய லாரி, டாரஸ், டிப்பர், ட்ரெய்லர் இதுகளுக்கு. சின்ன வண்டிக்கும் முறை இதேதான், அளவு மட்டும் கம்மி.

மொதல்ல வீல எது பிடிச்சு நிறுத்துதுன்னு புரிஞ்சுக்கணும், இது புரிஞ்சா மத்ததெல்லாம் ஏன் செய்யறோம்னு தானா புரிஞ்சிடும். நட்டு வீல பிடிக்குது, ஸ்டட் வீல தாங்குதுன்னு தான் எல்லாரும் நெனைக்கறாங்க. உண்மைல நட்ட இறுக்கும்போது ஸ்டட் ஒரு நூலளவு நீளுது, நீண்ட ஸ்டட் திரும்ப சுருங்கப் பாக்குது, அந்த இழுப்புல வீல் டிஸ்க்கும் (ஸ்டட் ஓட்டை இருக்க வீலோட நடுத்தட்டு) பிரேக் ட்ரம்மும் ஹப்பும் (ஆக்சில் முனைல வீல் மாட்டற நடுப்பாகம்) ஒண்ணோட ஒண்ணு அமுங்கி ஒட்டிக்குது. அந்த அமுக்கத்துல வர்ற உராய்வு தான் மொத்த லோடையும் பிரேக்கையும் தாங்குது. ஒரு ஸ்டட் சரியா டைட் ஆச்சுன்னா சுமாரா 15ல இருந்து 20 டன் வரைக்கும் இழுத்து பிடிக்கும், பத்து ஸ்டட்டுக்கு கணக்கு போட்டு பாருங்க. 4 டயர் வர்ற ஒத்த ஆக்சிலுக்கு 2018ல அரசாங்கம் எடைய 10.2 டன்ல இருந்து 11.5 டன்னா ஏத்துச்சு, அந்த லோடு ரெண்டு பக்கமும் பிரிஞ்சு தான் வருது, அப்ப பத்து ஸ்டட்டும் சமமா இழுத்து பிடிச்சா வீல் அசையறதுக்கு வாய்ப்பே இல்ல.

அந்த அமுக்கம் கொறஞ்சா தான் பிரச்சனை ஆரம்பிக்குது. டிஸ்க் ஹப்பு மேல பக்கவாட்டுல லேசா வழுக்கி வழுக்கி ஆட ஆரம்பிக்கும், கண்ணுக்கு கூட தெரியாது. இப்படி பக்கவாட்டு ஆட்டம் வந்துட்டா எந்த நட்டா இருந்தாலும் தானா திரும்பி கழண்டுடும்னு ஜெர்மனிய சேந்த ஜெர்ஹார்ட் யுங்கர்னு ஒரு இஞ்சினியர் 1969லயே மெஷின் வச்சு செஞ்சு காட்டிட்டார். அதாவது நட்டு கழண்டதால வீல் ஆடறதில்ல, வீல் ஆடறதால தான் நட்டு கழருது. ஒரு நட்டு லூசானா அதோட பங்கு பக்கத்துல இருக்கறதுக்கு போகும், அதுவும் லூசாகும், அப்புறம் வரிசையா போயிடும். பத்து நட்டுல ஒண்ணுதான லூசுன்னு விடறது எவ்ளோ தப்புன்னு இதுலயே தெரியுதுல்ல.

இன்னொன்னும் தெரிஞ்சுக்கங்க, நாம ஸ்பேனர்ல குடுக்கற பலத்துல சுமாரா 10 சதவீதம் தான் ஸ்டட்ட இழுக்கறதுக்கு போகுது. மீதி 90ம் நட்டுக்கு அடில இருக்க உராய்வுலயும் மரைல இருக்க உராய்வுலயும் போயிடுது. அதனால தான் துருப்பிடிச்ச ஸ்டட்டுல எவ்ளோ மிதிச்சாலும் நட்டு இறுக்கமா இருக்க மாதிரி காட்டும், உள்ள இழுப்பே இருக்காது. அதே மாதிரி மரை பூரா கிரீச அள்ளி பூசிட்டு அதே அளவுக்கு டைட் பண்ணா உராய்வு கொறஞ்சு, ஸ்டட் தாங்கற அளவ தாண்டி இழுபட்டுடும்.

எந்த டைப் நட்டுன்னு பாருங்க

இப்ப ஓடற பெரிய வண்டிகள்ல ஹப்பு நடுவுல தூக்கலா ஒரு விளிம்பு இருக்கும், வீலோட நடு ஓட்டை அதுல கச்சிதமா உக்காரும், அது தான் வீல நடுவுல நிறுத்துது. பத்து ஸ்டட்டும் 335 மில்லிமீட்டர் வட்டத்துல இருக்கும், வீல் நடு ஓட்டை 281 மில்லிமீட்டர். இதுக்கு வர்ற நட்டு அடிப்பக்கம் தட்டையா, சுத்தற வாஷரோட இருக்கும். பழைய வண்டிகள்ல அந்த விளிம்பு வேலை செய்யாது, நட்டு அடிப்பக்கம் கூம்பா இருந்து டிஸ்க் ஓட்டைல இருக்க சரிவுல போய் உக்காந்து அதுவே வீல நடுவுல கொண்டு வரும். ரெண்டையும் கலக்கவே கூடாது. கூம்பு நட்ட தட்டை டிஸ்க்குல போட்டா ஓட்டையோட ஓரத்துல மட்டும் தான் பிடிக்கும், கொஞ்ச நாள்ல ஓரம் நசுங்கி லூசாயிடும். தட்டை நட்ட கூம்பு டிஸ்க்குல போட்டா வீல் நடுவுலயே உக்காராது. ஒரு நட்டு தொலஞ்சு போச்சுன்னு கடைல கெடைக்கற ஏதோ ஒண்ண வாங்கி போடறது நம்மகிட்ட சகஜமா இருக்கு, மரை பொருந்துனா போதும்னு நெனைக்காதீங்க, அடிப்பாகத்த பாத்து வாங்குங்க.

சில பழைய வண்டிகள்ல இடது பக்க சக்கரத்துக்கு இடது மரை வரும், கழட்டறதும் இறுக்கறதும் தலைகீழா இருக்கும். ஸ்டட் முனைல பெரும்பாலும் எல் இல்ல ஆர்னு குத்தியிருக்கும், தொடச்சு பாத்துட்டு ஸ்பேனர போடுங்க. கழட்டறோம்னு நெனச்சு ரெண்டு பேர் மிதிச்சு ஸ்டட்டயே முறிச்சிடறது இதனால தான்.

அலாய் வீல் போட்டவங்களுக்கு ஒரு வார்த்தை. அலாய் டிஸ்க் இரும்பு டிஸ்க்க விட தடிமன், இரும்பு வீலுக்கு வந்த ஸ்டட் அதுக்கு நீளம் பத்தாது. நட்டு முழுசா ஏறி ஸ்டட் முனை வெளிய தெரியணும். தெரியலன்னா அந்த வீல மாட்டாதீங்க.

எவ்ளோ டைட் பண்ணனும்

கம்பெனி குடுத்த மேனுவல்ல இருக்க நம்பர் தான் கடைசி வார்த்தை, ஒரு வண்டிக்கு சொன்னது இன்னொரு வண்டிக்கு ஆகாது. ஒரு ஐடியாவுக்கு சொல்றேன், 22 மில்லிமீட்டர் ஸ்டட்டு, 1.5 மில்லிமீட்டர் மரை, தட்டை நட்டு, இந்த அமைப்புக்கு பொதுவா 600ல இருந்து 700 நியூட்டன் மீட்டருக்குள்ள வரும். பழைய மேனுவல்ல கிலோகிராம் மீட்டர்ல போட்டிருப்பாங்க, 600 நியூட்டன் மீட்டர்னா சுமாரா 61 கிலோகிராம் மீட்டர். இத சுலபமா புரிஞ்சுக்கணும்னா, ஒரு மீட்டர் நீள ஸ்பேனரோட முனைல 61 கிலோ எடைய தொங்கவிட்டா வர்ற பலம்.

இப்ப நம்ம பைப் கணக்குக்கு வாங்க. 75 கிலோ எடை உள்ள ஆளு ஒன்றரை மீட்டர் பைப்போட முனைல ஏறி சும்மா நின்னாலே 112 கிலோகிராம் மீட்டர், அதாவது 1100 நியூட்டன் மீட்டர் கிட்ட போயிடுது. ஏறி குதிச்சா எங்க போய் நிக்கும்னு கணக்கே இல்ல. அதே ஆளு ஸ்பேனர் முனைய விட்டுட்டு பாதி தூரத்துல மிதிச்சா தேவையான அளவே வராது. ஒரே வீல்ல ஒரு நட்டு 400லயும் பக்கத்து நட்டு 1200லயும் இருக்கறது இப்படித்தான். கிளீனர் தம்பி எடை கம்மி, டிரைவர் அண்ணன் எடை ஜாஸ்தி, யார் மிதிச்சாங்களோ அதுக்கு தகுந்த டைட்டு, இதுல எங்க இருந்து சமமான பிடிப்பு வரும்?

கம்ப்ரசர் காத்துல நட்ட இறுக்கற காத்து கன்னும் இதே பிரச்சனை தான். வேகமா வேலை முடியுது, கைவலி இல்ல, அதெல்லாம் உண்மை. ஆனா கம்ப்ரசர்ல காத்து எவ்ளோ இருக்கு, ஹோஸ் எவ்ளோ நீளம், கன்னு எவ்ளோ தேஞ்சிருக்கு இதையெல்லாம் பொறுத்து டைட் மாறிட்டே இருக்கும். ஒரு இஞ்ச் கன்னுல 2000 நியூட்டன் மீட்டருக்கு மேல குடுக்கறதும் இருக்கு, டர்ருனு நாலு செகண்ட் பிடிச்சா ஸ்டட்டோட ஆயுசு அங்கயே முடிஞ்சிடும். இதுல நெறைய பேர் கவனிக்காத விஷயம் என்னன்னா, கன்னுல இறுக்கிட்டு அப்புறம் டார்க் ரெஞ்ச் (நாம வச்ச அளவு இறுக்கம் வந்ததும் க்ளிக்னு காட்டற ஸ்பேனர்) வச்சு க்ளிக்னு சத்தம் வருதான்னு பாக்கறது. அந்த க்ளிக் குறைஞ்சபட்சம் 600 இருக்குன்னு மட்டும் தான் சொல்லும், 1500ல இருந்தாலும் அதே க்ளிக் தான் வரும். அதிகமா இறுக்குனத அது காட்டிக் குடுக்காது. அதனால கன்ன நட்டு ஓட்டறதுக்கு மட்டும் வச்சுக்கங்க, காத்த கொறச்சு வச்சு லேசா பிடிக்கற அளவுக்கு நிறுத்திடுங்க, கடைசி இறுக்கம் கையால டார்க் ரெஞ்ச்ல தான். 1000 நியூட்டன் மீட்டர் வரைக்கும் போற ரெஞ்ச் விலை ஜாஸ்தி தான், ஒத்துக்கறேன், ஆனா ஒரு ஜோடி டயர் விலைய யோசிச்சா அது பெரிய காசு இல்ல, அஞ்சாறு வண்டி வச்சிருக்கவங்க சேந்து ஒண்ணு வாங்கி ஷெட்டுல வச்சுக்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவ அளவு சரியா காட்டுதான்னு செக் பண்ணி வாங்கணும், வேலை முடிஞ்சதும் ஸ்கேல கீழ எறக்கி வைக்கணும், நட்டு கழட்டறதுக்கு அத உபயோகிக்கவே கூடாது.

ரெஞ்ச் வாங்கற வரைக்கும் ஒரு வழி இருக்கு. ஸ்பேனர்ல நட்டோட நடுவுல இருந்து சரியா ஒரு மீட்டர்ல ஒரு கோடு போட்டுக்கங்க, ஸ்பேனர் படுக்கையா இருக்கும்போது அந்த கோட்டுல கொக்கி தராச மாட்டி நேரா கீழ இழுங்க, தராசு 60 காட்டுனா 60 கிலோகிராம் மீட்டர் கிட்ட வந்தாச்சு. ரெஞ்ச் அளவுக்கு துல்லியம் வராது, ஆனா பத்து நட்டும் ஒரே அளவுல இருக்கும், குதிக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்.

வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி

வண்டிய சமமான கெட்டியான தரைல நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டு, தூக்காத சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கட்டை வைங்க. ஜாக்கிக்கு அடில பலகை போடுங்க, லோடு வண்டி மண்ணுல அமுங்கிடும். நட்ட லேசா தளத்தறது சக்கரம் தரைல இருக்கும்போதே செஞ்சிடணும், முழுசா கழட்டறது தூக்குனதுக்கு அப்புறம். தூக்கி நிறுத்துன வண்டிக்கு அடில ஸ்டாண்ட் இல்லாம தலைய விடாதீங்க.

லாக் ரிங் (டயர ரிம்ல பிடிச்சு நிறுத்தற தனி இரும்பு வளையம்) வர்ற ரிம்மா இருந்தா ஒண்ணு ரொம்ப முக்கியம், ஜோடி சக்கரத்த கழட்டறதுக்கு முன்னாடி உள் டயர் வெளி டயர் ரெண்டுலயும் வால்வு பின்ன எடுத்து காத்த முழுசா எறக்கிடுங்க. வெளி வீல் ரிம்மோ உள் வீல் ரிம்மோ விரிசல் விட்டிருந்தா, நட்ட எடுத்த நிமிஷம் உள்ள இருக்க காத்து ரிங்க வெடிச்சு தள்ளும், எதுத்தாப்ல உக்காந்திருக்கவர் நெஞ்சுல தான் வந்து அடிக்கும். காத்த திரும்ப அடிக்கறதுக்கு சோம்பல் பட்டு இத விடறவங்கள பாத்தா எனக்கு கோவமே வரும், பத்து நிமிஷ வேலை தான அது.

கழட்டுன உடனே மாட்டறதுக்கு அவசரப்படாதீங்க, உண்மையான வேலை இங்க தான் இருக்கு. கம்பி பிரஷ் எடுத்து ஹப்பு மொகம், ட்ரம்மோட மொகம், உள் டிஸ்க்கோட ரெண்டு பக்கம், வெளி டிஸ்க்கோட ரெண்டு பக்கம், ஹப்பு நடு விளிம்பு, எல்லாத்தையும் தேச்சு துரு, மண்ணு, கிரீஸ், உரிஞ்ச பெயிண்ட் இல்லாம சுத்தம் பண்ணுங்க. பின்னாடி ஜோடி சக்கரத்துல எத்தன மொகம் ஒண்ணோட ஒண்ணு அமுங்குதுன்னு எண்ணி பாருங்க, ஹப்புக்கும் ட்ரம்முக்கும் நடுவுல, ட்ரம்முக்கும் உள் டிஸ்க்குக்கும் நடுவுல, உள் டிஸ்க்குக்கும் வெளி டிஸ்க்குக்கும் நடுவுல, கடைசியா நட்டுக்கு அடில. ஒவ்வொரு எடத்துலயும் ஒரு மெல்லிசு துரு படலம் இருந்து வண்டி ஓட ஓட அது பொடியா உதிந்தா, ஸ்டட் நீண்டிருந்த அந்த நூலளவு அப்படியே காணாம போயிடும். நீங்க எவ்ளோ சரியா 600 வச்சு இறுக்கியிருந்தாலும் அன்னைக்கு சாயங்காலம் அது 300 கூட இருக்காது.

பெயிண்ட் பத்தி தனியா சொல்லியே ஆகணும். எஃப்சிக்கு (வண்டி தகுதி சான்றுக்கு) போறப்பவும் ஆயுத பூஜைக்கும் வீல கழட்டி பளபளன்னு ரெண்டு கோட்டு மூணு கோட்டு அடிச்சு மாட்டறாங்க, பாக்க அழகா தான் இருக்கு. டிஸ்க் ஹப்புல உக்கார்ற மொகத்துலயும் நட்டு உக்கார்ற எடத்துலயும் அந்த பெயிண்ட் இருக்கவே கூடாது. ட்ரம் சூட்டுல அது இளகி பிதுங்கி வெளிய வந்துடும், பின்னாடியே நட்டு லூசாகும். அடிக்கறதுக்கு முன்னாடி அந்த எடத்துல பேப்பர ஒட்டி மறைக்க சொல்லுங்க, அடிச்சிட்டாங்கன்னா சுரண்டிட்டு மாட்டுங்க.

அடுத்து ஸ்டட்டயும் நட்டயும் பாக்கணும். ஒரு புது நட்ட எடுத்து ஒவ்வொரு ஸ்டட்டுலயும் வெறும் கையால கடைசி வரைக்கும் ஓட்டி பாருங்க. சுத்தம் பண்ணதுக்கு அப்புறமும் பாதி வழில நின்னுச்சுன்னா அந்த ஸ்டட் ஏற்கனவே இழுபட்டு மரை இடைவெளி மாறிடுச்சுன்னு அர்த்தம், அத ஸ்பேனர் போட்டு வலுக்கட்டாயமா ஏத்தாதீங்க, மாத்துங்க. நட்டோட வாஷர் விரலால சுத்துனா சுத்தணும், சுத்தலன்னா அந்த நட்டு வேலைக்கு ஆகாது. டிஸ்க்குல ஓட்டைகள் முட்டை மாதிரி நீண்டிருக்கா, ஓட்டைல இருந்து ஓட்டைக்கு விரிசல் ஓடுதான்னு வெளிச்சத்துல வச்சு பாருங்க. விரிசல் விட்ட டிஸ்க்குக்கு வெல்டு வச்சு தரேன்னு சொல்ற ஆள் கெடைப்பாரு, ஒத்துக்காதீங்க, அந்த டிஸ்க் இரும்பு கடைக்கு தான் போகணும்.

எண்ணெய் விஷயம். வாஷரோட வர்ற தட்டை நட்டுக்கு நட்டுக்கும் வாஷருக்கும் நடுவுல ரெண்டு சொட்டு இஞ்சின் ஆயில், ஸ்டட் முனைல ரெண்டு மூணு மரைக்கு ஒரு சொட்டு, அவ்ளோதான். வாஷர் டிஸ்க்க தொடற பக்கத்துல எண்ணெய் பட கூடாது, டிஸ்க் மொகத்துல படவே கூடாது. கூம்பு நட்டா இருந்தா சுத்தமா துடைச்சிட்டு எண்ணெய் இல்லாம மாட்டறது தான் வழக்கம். மேனுவல்ல வேற மாதிரி போட்டிருந்தா மேனுவல் சொல்றத கேளுங்க. கிரீஸ் ரெண்டுக்கும் வேண்டாம்.

மாட்டி இறுக்கற முறை

ஹப்ப சுத்தி நடு விளிம்புல தூக்கலா இருக்க ஒரு எடம் நேரா மேல வர்ற மாதிரி நிறுத்துங்க, அப்ப தான் வீல் அதுல தொங்கி நடுவுல உக்காரும். உள் வீல மாட்டி வெளி வீல மாட்டும்போது ரெண்டு வால்வும் எதிரெதிர் பக்கம் வர்ற மாதிரி வைங்க, காத்து பிடிக்க லேசா இருக்கும். பத்து நட்டையும் கையாலயே ஓட்டுங்க. மொதல்லயே கன்ன வச்சா மரை ஏறுக்குமாறா ஏறி ஸ்டட்டும் போயிடும் நட்டும் போயிடும்.

அப்புறம் எதிரெதிரா தான் இறுக்கணும், வரிசையா சுத்திட்டு வரக் கூடாது. மேல இருக்கறத 1ன்னு வச்சு கடிகாரம் சுத்தற பக்கமா 10 வரைக்கும் எண்ணுனீங்கன்னா 1, 6, 4, 9, 2, 7, 5, 10, 3, 8 இந்த ஆர்டர்ல போங்க. வரிசையா இறுக்குனா வீல் ஒரு பக்கமா சாஞ்சு பிடிச்சிக்கும், அந்த பக்கம் டைட்டா இருக்க மாதிரியே தெரியும், எதிர் பக்கம் டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் நடுவுல சந்து நிக்கும், ரோட்டுல ஓடி அந்த சந்து அடங்குனதும் எல்லாம் தளந்துடும்.

மொத சுத்து சும்மா உக்கார வைக்கறதுக்கு, 70 நியூட்டன் மீட்டர் போதும், சக்கரம் தூக்குன நிலைமைலயே. இந்த எடத்துல நிறுத்தி டிஸ்க் சுத்திலும் ஹப்புல ஒட்டி உக்காந்திருக்கான்னு டார்ச் அடிச்சு பாத்துடுங்க, சாஞ்சிருந்தா இப்ப சரி பண்றது சுலபம். ரெண்டாவது சுத்து பாதி அளவு, 300 கிட்ட. அப்புறம் ஜாக்கிய எறக்கி டயர் தரைய லேசா தொட்டு சுத்தாம நிக்கற அளவுக்கு வச்சுக்கிட்டு, மேனுவல்ல போட்ட முழு அளவுக்கு மூணாவது சுத்து. முழு லோடையும் எறக்கிட்டு கடைசி இறுக்கம் குடுக்காதீங்க, எடை வீல கீழ் பக்கமா தள்ளி வச்சிருக்கும். ரெஞ்ச வெடுக்குன்னு இழுக்காம ஒரே சீரா இழுங்க, க்ளிக் வந்த உடனே விட்டுடுங்க, இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்னு மேல இழுக்க தோணும், இழுக்காதீங்க. கடைசியா ஒரு நட்டும் விட்டுப் போகலன்னு உறுதி பண்ண 1ல இருந்து 10 வரைக்கும் வரிசையா ஒரு தடவ ரெஞ்ச் வச்சு பாத்துட்டு வேலைய முடிங்க.

பிரேக் சூட்டோட டைட் பண்ணாதீங்க. தர்மபுரில இருந்து சேலம் பக்கமா தொப்பூர் கணவாய் எறங்கி வந்த வண்டியோட ட்ரம் எப்படி கொதிக்கும்னு ஓட்டறவங்களுக்கு தெரியும், அந்த சூட்டுல எல்லாமே விரிஞ்சு நிக்கும், அப்ப வச்ச அளவு ஆறுனதுக்கு அப்புறம் அதே அளவா இருக்காது. கைவச்சா தாங்கற அளவுக்கு ஆறட்டும்.

திரும்ப டைட் பண்றத விடாதீங்க

எல்லாத்தையும் நான் சொன்ன மாதிரியே சரியா செஞ்சாலும் ஓடுனதுக்கு அப்புறம் கொஞ்சம் உக்காரத்தான் செய்யும். லோடு ஏத்தி தார்பாய் கட்டுனா அதே கயித்தோட பாம்பே வரைக்கும் யாரும் போறதில்ல, கொஞ்ச தூரம் போய் சரக்கு அமுங்குனதும் ஓரங்கட்டி கயித்த இழுத்து கட்டறோம்ல, அதே தான் இதுவும். டயர் மாத்துன பிறகு 50ல இருந்து 100 கிலோமீட்டருக்குள்ள ஒரு தடவ நிறுத்தி திரும்ப டார்க் வைக்கணும். பிரிட்டன்ல மாட்டி முடிச்சு அரை மணி நேரம் நின்ன பிறகோ, 40ல இருந்து 80 கிலோமீட்டர் ஓடுன பிறகோ கண்டிப்பா வைக்கணும்னு வழக்கம் வச்சிருக்காங்க. நாமக்கல்ல டயர் மாத்திட்டு கெளம்புனா சேலம் வந்ததும் டீ குடிக்க நிறுத்தற எடத்துல இத முடிச்சிடலாம்.

இதுக்கு நட்ட தளத்திட்டு திரும்ப இறுக்க கூடாது, இருக்க எடத்துல இருந்தே அதே அளவுக்கு ரெஞ்ச வைங்க. கொஞ்சூண்டு திரும்பி க்ளிக் வந்தா சரி, இயல்பு தான். கால் சுத்து அரை சுத்துன்னு ஓடுச்சுன்னா இறுக்கிட்டு போயிடாதீங்க, உள்ள அழுக்கோ பெயிண்டோ மாட்டியிருக்கு, இல்ல வீல் சரியா உக்காரல, கழட்டி பாக்கணும். ஒரே நட்டு ஒவ்வொரு தடவையும் திரும்பிட்டே இருந்து டைட் ஏறவே மாட்டேங்குதுன்னா அந்த ஸ்டட் இழுபட்டுட்டு இருக்கு.

டயர் மாத்துன கடைக்காரர் வண்டி கூட வரப்போறதில்ல, அதனால இந்த வேலை டிரைவரோடது தான். ஓனர்ங்க ஒரு ரெஞ்ச வண்டிலயே குடுத்து அனுப்புங்க, இல்ல வழில எந்த கடைல டார்க் வைக்கணும்னு முன்னாடியே பேசி வைங்க. மாத்துன தேதி, கிலோமீட்டர், எந்த சக்கரம்னு ஒரு நோட்டுல எழுதுனா அடுத்த டிரைவர் ஏறுனாலும் தெரியும். ட்ரெய்லர்ல இது ரொம்பவே விட்டுப்போகுது, குதிரை (முன்னாடி இழுக்கற வண்டி) ஒருத்தர்து, பின்னாடி பெட்டி இன்னொருத்தர்து, நட்ட யார் பாக்கறதுன்னு ரெண்டு பேருமே பாக்கறதில்ல. இழுத்துட்டு போற டிரைவர் தான் ரோட்டுல நிக்கப் போறாரு, அதனால ட்ரெய்லர கொக்கி மாட்டுன உடனே அவரே சுத்தி வந்து பாத்துடணும்.

தெனமும் கெளம்பறதுக்கு முன்னாடி

டயர சுத்தியால தட்டி பாக்கற பழக்கம் எல்லாருக்கும் இருக்கு, நட்டையும் தட்டறாங்க. நல்லது தான், ஆனா சுத்தியல் சத்தம் முழுசா லூசான நட்ட தான் காட்டும், பாதி இறுக்கம் போனது அதே டங்குன்னு தான் கேக்கும். அதுக்கு பதிலா கண்ண நம்புங்க. நட்டு அடில இருந்து டிஸ்க்குல துரு கோடு வழிஞ்சிருக்கா, நட்ட சுத்தி பெயிண்ட் வெடிச்சிருக்கா, வாஷர் பக்கத்துல இரும்பு பளபளன்னு தேஞ்சு தெரியுதா, இதுல எது இருந்தாலும் அங்க ஆட்டம் இருக்கு. டார்க் வச்சு முடிச்சதும் நட்டுல இருந்து டிஸ்க் வரைக்கும் வெள்ளை பெயிண்டுல ஒரே கோடா இழுத்து வைங்க, நட்டு திரும்புனா கோடு ஒடஞ்சு தெரியும், ரெண்டு ரூபா செலவு கூட ஆகாது. மஞ்சள் கலர் அம்பு மாதிரி பிளாஸ்டிக் காட்டியும் கெடைக்குது, ரெண்டு ரெண்டா நேருக்கு நேர் பாக்கற மாதிரி மாட்டி விட்டா தூரத்துல நின்னே தெரியும். ஆனா கோடும் அம்பும் நட்டு திரும்பிச்சான்னு தான் சொல்லும், நட்டு திரும்பாமலே உள்ள துரு உதிந்து பிடிப்பு போனத சொல்லாது, அதுக்கு ரெஞ்ச் தான் வேணும். பின் பக்க இடது சக்கரத்த கூடுதலா ஒரு தடவ பாருங்க. வலது மரை இடது பக்கத்துல கழண்டு போறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி, அதுவும் இல்லாம டிரைவர் சீட்டுல இருந்து கண்ணாடில பாத்தாலும் தூரமா இருக்க பக்கம் அது.

ஓட்டும்போது மெதுவா போற வேகத்துல சக்கரத்துல இருந்து டக் டக்குனு சத்தம், ஸ்டியரிங்ல புதுசா ஒரு ஆட்டம், பின்னாடி வீல் கண்ணாடில தள்ளாடற மாதிரி தெரியறது, இதெல்லாம் வந்தா அடுத்த ஊர் வரட்டும்னு ஓட்டாதீங்க, அங்கயே ஓரங்கட்டுங்க.

நிறுத்தி பாத்து ஒரு ஸ்டட் ஒடஞ்சிருந்துச்சுன்னா அந்த ஒண்ண மட்டும் மாத்துனா போதாது, ரெண்டு பக்கத்துலயும் இருக்கறது அதோட பாரத்தையும் சேத்து தாங்கியிருக்கும், அந்த ரெண்டையும் சேத்து மூணா மாத்துங்க. ரெண்டு ஸ்டட் ஒடஞ்சிருந்தா பத்தையும் மாத்தணும். நட்டு லூசாவே கொஞ்ச தூரம் ஓடியிருந்தா ஸ்டட் ஒடயலன்னாலும் மரையெல்லாம் டிஸ்க்குல அடி வாங்கியிருக்கும், ஓட்டை நீண்டிருக்கும், அப்படியே இறுக்கிட்டு கெளம்புனா அடுத்த நூறு கிலோமீட்டர்ல திரும்ப அதே கதை தான். வீல கழட்டி டிஸ்க், ஸ்டட், ஹப்பு மூணையும் பாத்த பிறகு தான் வண்டி நகரணும். பாக்க ஆள் இல்ல, சாமான் இல்லன்னா மெக்கானிக்க வண்டி நிக்கற எடத்துக்கே வரச்சொல்லுங்க, லோடு ஒரு நாள் லேட்டா போய் சேந்தா பரவால்ல, பார்ட்டிக்கு போன போட்டு சொல்லிடலாம்.